பிடி அரிசி போகும் தூரம்

சோரா

மழைக்குப் பேர்போன சிராபுஞ்சியில், நவம்பர் கடைசியில், பெண்கள் குடங்களோடு குழாயடியில் வரிசையாக நின்றார்கள். ஊர்க்காரர்கள் சோரா என்று சொல்லும் இந்த மேட்டுநிலத்தில் விழுகிற தண்ணீரெல்லாம் பாறை இடுக்குகளிலும் விளிம்பு அருவிகளிலும் இறங்கி வங்கதேசத்துச் சமவெளிக்குப் போய்விடுகிறது. மழை நின்றால் குடிநீருக்கே திண்டாட்டம். விருதுநகர்ப் பக்கத்துக்காரனான எனக்கு இந்த வரிசை நன்றாகப் பழகியது. சிராபுஞ்சியில் அதைப் பார்ப்பேன் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

நோங்சாவ்லியா தேவாலயத்துக்கு நடந்துபோகிற வழியில் ஒரு தேநீர்க்கடை. கடை நடத்தும் பெண்ணை எல்லோரும் ‘கோங்’ என்று கூப்பிட்டார்கள்; நம் ஊரில் அக்கா என்போமே, அந்த மரியாதை. உட்கார்ந்ததும் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, ஊறவைத்த பச்சைப் பாக்கோடு மடித்து நீட்டினார். இந்த மலைகளின் மக்களான காசிகளின் வீடுகளில் விருந்தாளிக்கு முதலில் வருவது இதுதான். நம் வெற்றிலைப் பாக்கு என்று நினைத்து மென்றால் காது மடல் வரை சூடு ஏறுகிறது. அதன்பிறகு பன்றி இறைச்சியோடு வேகவைத்த ஜாதோ சோறும், புளிக்கவைத்த சோயா மொச்சைத் துவையலும் வந்தன.

1841 ஜூன் 22 அன்று, வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதத்தில், தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் தன் மனைவி ஆனுடன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். இன்று வேல்ஸ் பிரஸ்பிட்டேரியன் சபை என்று அறியப்படும் திருச்சபை வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் ஊழியர் அவர். தச்சு வேலை தெரிந்தவர். காசிகளுக்கு ரம்பம் பிடிக்கவும், சுண்ணாம்புக் காளவாயை விறகுக்குப் பதில் நிலக்கரியால் எரிக்கவும் சொல்லிக் கொடுத்தார். அவர்களுடைய மொழியை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினார். பிறகு, மலை வணிகத்தைக் கையில் வைத்திருந்த ஓர் ஆங்கிலேய வியாபாரியை எதிர்த்து நின்றார். 1847இல் அவரை அனுப்பிய சபையே அவரை விலக்கிவிட்டது. 1849இல் கல்கத்தாவில் காய்ச்சலில் இறந்துபோனபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

விலக்கப்பட்ட அந்த மனிதர் வந்து சேர்ந்த நாளைத்தான் இன்று மேகாலயா மாநிலம் கொண்டாடுகிறது. தேவாலயத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அரிச்சுவடிப் படம் தொங்கியது. ஏ, பி, கே, டி என்று போய், ‘ஜி’க்குப் பின்னால் ‘ங்’ தனி எழுத்தாக நிற்கிறது. வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் நெடுங்கணக்கிலும் ‘ங்’ அதே இடத்தில்தான். தச்சருடைய கைத்தடம் நூற்றெண்பது ஆண்டுகளாக அந்தச் சுவரில் அழியாமல் இருக்கிறது.

சாய்ராங்

பராக் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டியதும் ரயில் மலைக்குள் புகுந்துவிட்டது. மிசோரமின் பைரபியிலிருந்து சாய்ராங் வரை 51 கிலோமீட்டர். அதில் 48 சுரங்கங்கள். 2025 செப்டம்பரில்தான் இந்தப் பாதை திறக்கப்பட்டது. பெட்டியில் இருந்த மிசோ இளைஞர்கள் ஒவ்வொரு பாலத்துக்கும் ஜன்னலோரம் ஓடினார்கள். சாய்ராங்கை நெருங்கும்போது வருகிற பாலத்தின் தூண் குதுப்மினாரை விட உயரம் என்று ஒருவன் என்னிடம் பெருமையோடு சொன்னான். கீழே மூங்கில் காட்டுக்கு நடுவே ட்லாங் ஆறு பச்சையாகக் கிடந்தது.

இந்த ஆற்றில்தான், 1893ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சில்சாரில் படகேறிய இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள், 1894 ஜனவரி 11 அன்று சாய்ராங்கில் கரையேறினார்கள். லோரெயின், சாவிட்ஜ் என்பது அவர்கள் பெயர். அவர்கள் பிரஸ்பிட்டேரியன்கள் அல்ல. லீட்ஸ் நகரத்துப் பணக்காரர் ராபர்ட் ஆர்திங்டனின் பணத்தில் வந்தவர்கள். தான் மிகச் சிக்கனமாக வாழ்ந்து, சொத்தையெல்லாம் இப்படி ஆட்களை அனுப்புவதில் செலவழித்த மனிதர் அவர். நான்கே ஆண்டுகளில் இருவரும் மிசோ மொழிக்கு எழுத்து அமைத்தார்கள், அகராதி தொகுத்தார்கள், நற்செய்தி நூல்களை மொழிபெயர்த்தார்கள். ஜனவரி 11 இன்றும் மிசோரமில் அரசு விடுமுறை.

1897 ஆகஸ்டில் வேல்ஸ் சபையின் டி.ஈ. ஜோன்ஸ் வந்தபோதுதான் பிரஸ்பிட்டேரியன் கதை இங்கே தொடங்குகிறது. அவரோடு ஊழியம் செய்ய காசி மலையிலிருந்து ராய் பாஜுர் என்பவர் மனைவியோடு வந்து சேர்ந்தார். பெரும்பாலான வரலாறுகளில் ஒற்றை வரியில் கடந்துபோகிற இந்தச் செய்தியை நான் பெரிதாக எண்ணுகிறேன். தாமஸ் ஜோன்ஸ் சோராவில் கால் வைத்து 56 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் காசிகள் அடுத்த மலைக்குத் தங்கள் ஆளை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஆற்றோரக் கடையில் சாப்பாடு. குவியலாகச் சோறு, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் பதப்படுத்திய பன்றி இறைச்சி, ‘பாய்’ என்கிற கீரைக் குழம்பு, இடித்த மிளகாய். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது. கடுகு வெடிக்காத சமையலறையை என்னால் கற்பனை செய்ய முடிந்ததில்லை. ஆனால் அந்தப் பாயில் கீரைக்கு அதன் சொந்த ருசி இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அய்சால்

மலை முதுகில் வீடுகள் அடுக்கடுக்காக ஏறி இறங்கும் நகரம். வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, ஆனால் யாரும் ஒலிப்பானைத் தொடுவதில்லை. இருசக்கர வண்டிகள் ஒரே வரிசையாகக் காத்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் சாலை காலியாக இருந்தாலும் ஒருவரும் முந்துவதில்லை. மதுரை மாட்டுத்தாவணியில் காது பழுத்தவனுக்கு இந்த நகரத்தில் முதல் நாள் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் அடைப்பு. காலையில் மணி அடித்ததும் சந்து சந்தாக மக்கள் இறங்கி வருகிறார்கள். ஞாயிறு பள்ளிக்குக் குழந்தைகள் மட்டும் போவார்கள் என்றுதான் நமக்குத் தெரியும். இங்கே தாத்தா பாட்டிகளும் போகிறார்கள். எழுபது தாண்டிய ஒருவர் பாடப் புத்தகத்தில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, ஆசிரியராக நின்ற இளைஞனிடம் கேள்வி கேட்டார். அரசுப் பள்ளி எட்டாத ஊர்களில் எழுத்து பரவியது இந்த வகுப்புகள் வழியாகத்தான். 2025 மே மாதம் மிசோரம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது, எழுத்தறிவு 98.2 சதவீதம். எழுத்தே இல்லாதிருந்த மொழி இந்த இடத்துக்கு வர 131 ஆண்டுகள் எடுத்திருக்கிறது.

மிஷன் வேங் என்கிற பகுதியில்தான் வேல்ஸ்காரர்களின் குடியிருப்பு இருந்தது. 1899 ஜூலை 25 அன்று கூமா, காரா என்ற இரண்டு மிசோக்கள் முதலில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1913இல் முதல் மிசோ போதகர் பொறுப்பேற்றார்.

1908 கடைசியில் வந்த மருத்துவர் பீட்டர் ஃபிரேசரின் கதையை நான் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். பஞ்சத்திலோ கடனிலோ அநாதையாகவோ கிராமத் தலைவனின் வீட்டில் அடைக்கலம் புகுந்தவர்கள் ‘போய்’ எனப்பட்டார்கள். விடுதலை வேண்டுமென்றால் 40 ரூபாயோ அதற்கு ஈடாக ஒரு மிதுன் மாடோ கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓர் ஏழை அந்தத் தொகையை எங்கே போய்த் தேடுவான்? ஆங்கிலேய நிர்வாகம் இதைத் தலைவர்கள் ஏழைகளுக்குச் செய்யும் உதவி என்று சொல்லிக் கண்டுகொள்ளாமல் இருந்தது. ஃபிரேசர் இதை அடிமைத்தனம் என்றார், பலரைப் பணம் கட்டி மீட்டார், வாயை மூடிக்கொண்டு மருத்துவம் மட்டும் பார்க்கச் சொன்ன நிபந்தனையில் கையெழுத்துப் போட மறுத்தார். சக மிஷனரிகள் எல்லோரும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1912இல் மலையை விட்டு அவர் போக வேண்டியதாயிற்று. திருச்சபைகளின் வரலாற்றில் கட்டடங்களுக்கும் எண்ணிக்கைகளுக்கும் கொடுக்கும் இடத்தில் பாதியை ஃபிரேசர் போன்றவர்களுக்குக் கொடுக்கலாம்.

1966 மார்ச்சில் இந்த நகரத்தின் மீது இந்திய விமானப்படை குண்டு வீசியது. மூங்கில் பூத்து எலிகள் பெருகியதால் வந்த 1959ஆம் ஆண்டுப் பஞ்சம் அரசியல் எழுச்சியாகி, ஆயுதப் போராட்டமாகியிருந்தது. மறு ஆண்டிலிருந்து மலைக் கிராமங்களைக் காலி செய்து, மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் ராணுவம் அடைத்தது. 1968இல் வேல்ஸ் மிஷனரிகள் வெளியேற வேண்டியிருந்தது. போதகர்கள், ஆசிரியைகள், செவிலியர்கள் எல்லோரும் அதற்குள் மிசோக்களாகவே இருந்ததால் சபை ஒரு ஞாயிறுகூடத் தடுமாறவில்லை. 1986 ஜூன் 30 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நடந்த நீண்ட பேச்சுகளில் சபைத் தலைவர்களின் வற்புறுத்தல் தொடர்ந்து இருந்தது.

மிஷன் வேங், ஒரு வீடு

நான் தங்கிய வீட்டில் காலை ஆறு மணிக்கு அடுப்பு எரியும். மிசோக்களுக்கு நாளில் இரண்டு வேளைதான் பெரிய சாப்பாடு. காலை ஒன்பதுக்குள் ஒன்று, மாலை இருட்டியதும் இன்னொன்று. வீட்டம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என்னைச் சமையலறையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, பாலில்லாத தேநீரும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார். வெல்லத்தைக் கடித்துக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும்.

பேசிக்கொண்டே தகர டப்பாவைத் திறந்து, டம்ளரால் நான்கு பேருக்கு அரிசி அளந்து பாத்திரத்தில் போட்டார். களைவதற்கு முன்னால் அந்தப் பாத்திரத்திலிருந்து ஒரு கை அரிசியை அள்ளி, அடுப்பங்கரை ஓரத்தில் இருந்த மூடி போட்ட சிறிய வாளியில் போட்டார். கையில் ஒட்டியிருந்த நாலைந்து மணிகளையும் விரலால் தட்டி அதிலேயே உதறினார். பேச்சு ஒரு நொடிகூட நிற்கவில்லை. டப்பாவிலிருந்து எடுக்காமல், அளந்து வைத்ததிலிருந்து எடுக்கிறார் என்பதைக் கவனித்தேன். அன்று வீட்டில் உண்ணப்போகிற சோற்றில்தான் ஒரு பிடி குறைகிறது.

இதற்கு ‘பூஃபாய் தாம்’ என்று பெயர். 1910இல் தொடங்கிய வழக்கம். கையில் காசே புழங்காத பெண்கள், சபைக்குத் தங்களால் என்ன தர முடியும் என்று யோசித்துக் கண்டுபிடித்த வழி. அடுத்த ஆண்டே மூங்கில் பூத்தது. சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுக்க ஒரே நேரத்தில் பூக்கிற அந்த மூங்கிலின் விதையைத் தின்று எலிகள் பெருகும், விதை தீர்ந்ததும் நெல்லை அழிக்கும். வழக்கம் தொடங்கிய மறு ஆண்டே இப்படி ஒரு பஞ்சம் வந்தும் அது விட்டுப்போகவில்லை. முதலில் இந்த அரிசிப் பணம், ஊர் ஊராக நடந்துபோய்ப் பெண்களுக்கு வேதம் சொன்ன மிசோப் பெண்களுக்கு ஊதியமாகப் போனது. இன்று சபைப் பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து வாளியை வாங்கிப்போய், சேர்ந்ததை விற்கிறார்கள். ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் சேர்கிறது.

“அவசரத்தில் மறந்துபோகாதா?” என்று கேட்டேன்.

“சோறு வைக்க மறந்தால்தானே இதுவும் மறக்கும்?”

“1959 பஞ்சத்தில்?”

“அப்போது நான் சின்னப் பிள்ளை. அரிசி இருந்த நாட்களில் அம்மா எடுத்து வைத்தாள். இல்லாத நாட்களில் எல்லோரும் காட்டுக் கிழங்கு தின்றோம். அரிசி வந்த அன்றைக்கே மறுபடியும் வாளியை எடுத்தாள்.”

விருதுநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் க்ஷத்ரிய வித்யாசாலை எழுந்ததும் வீட்டுக்கு வீடு கொடுத்த பிடி அரிசியால்தான் என்று அவரிடம் சொன்னேன். அதே பள்ளியில் படித்த ஒரு பையன் பிறகு முதலமைச்சராகி, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார் என்றும் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அது எந்த ஆண்டு, அரிசியை யார் வாங்கினார்கள், ஆண்களா பெண்களா, வாரத்துக்கு எத்தனை முறை என்று கேட்கத் தொடங்கினார். எனக்கு முழுப் பதிலும் தெரியவில்லை. என் ஆச்சி காலத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு பானை இருந்ததாக அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்ததில்லை. நம் ஊரில் கதையாகிவிட்ட ஒன்று, இங்கே நகரத்து அடுக்குமாடி வீட்டில், எரிவாயு அடுப்புக்குப் பக்கத்தில், தினம் இரண்டு முறை நடக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தது எனக்கு இந்தப் பயணத்தின் ஆகப் பெரிய பேறு.

துர்த்லாங்

அய்சாலுக்கு வடக்கே, இன்னும் உயரமான மலைமுதுகில் துர்த்லாங். 1928இல் வேல்ஸ் மிஷன் தொடங்கிய மருத்துவமனை இங்கே இருக்கிறது. மிசோ பிரஸ்பிட்டேரியன் சபை இப்போது அதை நடத்துகிறது. வெளிநோயாளிகள் கூடத்தில் முதுகில் குழந்தையைத் துணியால் கட்டிய தாய்மார்கள். எனக்குச் சுற்றிக்காட்ட வந்த மருத்துவர் நான் தமிழ்நாடு என்றதும் நின்று, “சாப்டீங்களா?” என்றார். வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். அந்த மருத்துவக் கல்லூரிக்கும் வடகிழக்கு மலைச் சபைகளுக்கும் நீண்ட உறவு உண்டு. சபை அனுப்பிப் படிக்கவைத்தவர்கள் பலர் அங்கிருந்து திரும்பி இப்படிப்பட்ட மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள். வேலூரில் பிடித்தது பரோட்டா, பிடிக்காதது மே மாதம் என்றார்.

அதே மலையில் இறையியல் கல்லூரி. இங்கிருந்து ஆட்கள் அருணாசலத்துக்கும் திரிபுராவுக்கும் அசாமின் ஆற்றோரக் கிராமங்களுக்கும் பீகாருக்கும் கொல்கத்தாவுக்கும் போகிறார்கள். பள்ளி நடத்துவது, மருந்தகம் வைப்பது, சபை கட்டுவது என்று வேலை ஊருக்கு ஊர் மாறுகிறது. வேல்ஸுக்கும் போயிருக்கிறார்கள். ஆமாம், வேல்ஸுக்கே. அங்கே சிற்றாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் காலத்தில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், மிசோ ஊழியர் ஒருவரை வேல்ஸ் சபை வரவேற்றுக்கொண்டது. நூறு ஆண்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துகிறோம் என்று பெருமையடிக்க இடமிருந்தும், கல்லூரியில் பேசிய யாரும் அப்படிச் சொல்லவில்லை. குளிர் நாட்டுக்குப் போனவர் சமாளித்தாரா என்பதுதான் அவர்களுக்குக் கவலையாக இருந்திருக்கிறது.

இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அன்று மாலை ஒரு வீட்டில் கூடிப் பாடினார்கள். நடுவில் ஒருவர் பெரிய மத்தளத்தை மடியில் வைத்து ஒற்றைக் கம்பால் மெதுவாக அடிக்க, வயதான பெண்கள் எழுந்து வட்டமாக ஆடினார்கள். பாட்டு இழுத்து இழுத்துப் போகிற மலைப் பாட்டு. ஆரம்ப கால கிறிஸ்தவர்கள் இந்த மத்தளத்தைத் தேவாலயத்துக்கு வெளியே வைத்துவிட்டார்கள். அரிசிக் கள்ளோடும் பழைய சடங்குகளோடும் சேர்ந்தது என்று கருதினார்கள். 1919இல் மலையெங்கும் பரவிய எழுப்புதலுக்குப் பிறகு, மக்களே அதை உள்ளே கொண்டுவந்தார்கள். வேல்ஸ்காரர்கள் கொடுத்த மெட்டுகளைத் தங்கள் குரலுக்கு வளைத்துப் புதுப்பாட்டும் கட்டினார்கள். இளைஞர்களை வளர்த்த ‘ஸால்புக்’ என்னும் பொதுக்கூடம் மறைந்துபோனது ஓர் இழப்பு. மத்தளமும் சேர்ந்து போயிருந்தால் அந்த இழப்புக்கு ஈடே இருந்திருக்காது.

செலிங் சாலை

கிழக்கே சம்பாய் போகும் சாலையில், செலிங்கைத் தாண்டியதும் ஆளில்லாத கடைகள் வருகின்றன. மூங்கில் பந்தல், பலகை. அதன்மேல் கூறு கூறாகப் பூசணி, காந்தாரி மிளகாய், வாழைப்பழம், புட்டியில் பழச்சாறு. அட்டையில் கரியால் விலை எழுதியிருக்கிறது. காசு போட ஒரு டப்பா, மீதிச் சில்லறை எடுத்துக்கொள்ள இன்னொன்று. கடைக்காரர்கள் வயலுக்குப் போயிருக்கிறார்கள். சுமோ ஓட்டுநர் இறங்கி மிளகாய் எடுத்தார், நூறு ரூபாயைப் போட்டு எண்ணி எண்பதை எடுத்துக்கொண்டார், புறப்பட்டோம்.

சற்றுத் தள்ளி ஒரு கிராமத்துச் சரிவில் பத்துப் பதினைந்து பேர் இஞ்சி தோண்டிக்கொண்டிருந்தார்கள். சபைக்கென்று ஊர் ஒதுக்கிய தோட்டம் அது. ஊரார் முறை வைத்து வேலை செய்கிறார்கள். விளைச்சலை விற்ற பணம் வெளியூர் ஊழியத்துக்குப் போகிறது. தோண்டுகிறவர்கள் யாரும் கூலி வாங்குவதில்லை. கத்தியால் மண்ணைச் சுரண்டிக் கிழங்கை உடையாமல் எடுத்துக் கூடையில் போடுகிறார்கள். முழுக் கிழங்குக்குத்தான் விலை.

அவர்களில் ஓர் இளைஞன் ஆசிரியர் பயிற்சி முடித்து, சபையின் ஊழியப் பள்ளி ஒன்றுக்கு நியமனம் வரக் காத்திருந்தான். எந்த ஊருக்குப் போக ஆசை என்று கேட்டேன். அனுப்புகிற ஊருக்கு என்றான். பக்கத்தில் கூடையைத் தாங்கிக்கொண்டிருந்த அவன் அம்மா மிசோவில் ஏதோ கேட்க, அவன் என் பக்கம் திரும்பி, “உங்கள் ஊரில் மே மாதம் எவ்வளவு சூடு இருக்கும்?” என்றான்.

“நாற்பது டிகிரிக்குக் குறையாது.”

அவன் அதைச் சொன்னதும் அம்மா தலையை வேகமாக ஆட்டிப் படபடவென்று பேசினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“எங்கே வேண்டுமானாலும் போ, அங்கே மட்டும் கேட்டு வாங்காதே என்கிறாள்,” என்றான் அவன். பிறகு கூடையிலிருந்து மண்ணோடு இரண்டு கிழங்கை எடுத்து என் கையில் கொடுத்தான். இனாமாக இல்லை, தோட்டத்துப் பொருளுக்குக் காசு போட்டுவிட வேண்டும் என்று வரப்பில் வைத்திருந்த டப்பாவைக் காட்டினான்.